நுண்ணங்கி நொதியங்களால் இரசாயனப் பொருள்களை ஆக்குதல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பகுதிகளில் உயர்தர வகுப்பு மாணவரும் நெல்லாலை நடத்துவோரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் இவ்விடயம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. சொற்கள் இலங்கைப் பாடநூல்களில் வழங்குபவை. தமிழகத்து நூல்களில் நொதி, நுண்ணுயிரி, ஈஸ்ட், செல் என்று காண்பவை இங்கே நொதியம், நுண்ணங்கி, மதுவம், கலம் என்று வரும்.

நொதியம் என்பது ஓர் உயிரா?

அன்று. உயிருள்ள கலம் தன் தேவைக்காக ஆக்கிக்கொள்ளும் புரதமே நொதியம். குறித்த ஓர் இரசாயனத் தாக்கத்தை அது பன்மடங்கு விரைவாக்கும். தாக்கம் முடிந்ததும் தான் மாறாமல் விலகி அடுத்த மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். மதுவம், பற்றீரியா, பங்கசு ஆகியவை உயிர்கள்; அவற்றின் கலங்களுக்குள் நூற்றுக்கணக்கான நொதியங்கள் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

இந்த வேறுபாடு விஞ்ஞானிகளுக்கே நெடுங்காலம் தெளிவாகவில்லை. சீனி அற்ககோலாக மாறுவதற்கு உயிருள்ள மதுவம் இருந்தே ஆகவேண்டும் என்று நம்பப்பட்ட காலத்தில், 1897இல் ஜேர்மனியரான எடுவாட் பூக்னர் மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்த சாற்றிலும் அம்மாற்றம் நடப்பதைக் காட்டினார். சாறு கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று அதில் நிறையச் சீனி சேர்த்தபோதுதான் குமிழிகள் எழக் கண்டார் என்பது இக்கதையின் சுவையான பகுதி. அதற்காக 1907ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இத்தொழில்நுட்பம் வன்னிக்குப் புதியதா?

பனங்கள்ளை அறிந்தவர்களுக்குப் புதியதாகாது. பாளையிலிருந்து முட்டிக்குள் வடியும் சாற்றின் இனிப்புப் பெரும்பாலும் சுக்குரோசினால், அதாவது கடைச்சீனியிலுள்ள அதே சீனியினால், வருவது. வடியத் தொடங்கிய நேரத்திலிருந்தே காற்றிலும் முட்டியின் சுவரிலும் உள்ள மதுவங்கள் அதில் இறங்கிவிடுகின்றன. மதுவத்தின் இன்வேட்டேசு என்னும் நொதியம் சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரக்ரோசாகவும் பிளக்கிறது. பின்னர் கலத்தினுள்ளே பத்துக்கு மேற்பட்ட நொதியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை எதனோல் என்னும் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றன. அதற்குப் பிறகும் திறந்து விட்டால் அசற்றிக்கமிலப் பற்றீரியாக்கள் எதனோலை வினாகிரியாக்கத் தொடங்கும்.

முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் இந்த வரிசை முதற்படியிலேயே தடைப்படுகிறது. சுண்ணாம்பு சாற்றின் பி.எச். பெறுமானத்தை (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவை) உயர்த்தி, மதுவத்தின் வளர்ச்சியையும் இன்வேட்டேசின் தொழிற்பாட்டையும் ஒருங்கே முடக்குகிறது, கிடைப்பது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி இறுகும். சுண்ணாம்பு போதாமல் சுக்குரோசு ஓரளவு பிளந்துவிட்ட சாற்றைக் காய்ச்சினால், எவ்வளவு நேரம் கிண்டினாலும் பாகு ஒழுங்காக இறுகாது. குளுக்கோசும் பிரக்ரோசும் கலந்திருப்பது சுக்குரோசு பளிங்காவதைக் குழப்பிவிடும். ஆகவே சீவற்தொழிலாளர் மரமேறும்போதே, நொதியத்தை இன்று வேலை செய்ய விடுவதா மறிப்பதா என்ற முடிவைச் சுண்ணாம்பின் அளவினால் எடுத்துவிடுகிறார். பெரிய ஆலைகளில் பி.எச். மானியும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் செய்வது இதே வேலையைத்தான். தாக்கத்தைத் தொடக்கி வைப்பது எளிது. வேண்டிய பொருள் கிடைத்த இடத்தில் அதை நிறுத்துவதுதான் இத்தொழிலின் கைத்திறன் என்பது எமது கருத்து. கீழே வரும் விடைகள் பலவற்றிலும் அது தலைகாட்டும்.

பரந்தனில் முன்னர் இருந்த இரசாயனத் தொழிற்சாலை போன்றதா இது?

அதனின்றும் மிக வேறானது. பரந்தன் தொழிற்சாலை ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்பகுப்புச் செய்து எரிசோடாவையும் குளோரீனையும் ஆக்கியது. 1950களில் உருவான அது 1980களில் போரினால் செயலிழந்தது. அங்கே உற்பத்தியானவை சிறிய அசேதனப் பொருள்கள். அவற்றுக்கு மின்சாரமே தகுந்த கருவி, நொதியத்துக்கு அங்கே வேலையில்லை. காபன் அணுக்கள் பல கோத்து, ஒன்றையொன்று ஒத்த பல இடங்களைக் கொண்ட ஒரு சேதன மூலக்கூறில், ஓரிடத்தை மாத்திரம் மாற்றி ஏனையவற்றைத் தொடாமல் விடவேண்டிய வேலைக்கே நொதியம் பொருத்தமானது. வன்னியில் நொதிய ஆலை ஒன்று அமைந்தாலும், பி.எச். பெறுமானத்தைச் சரிசெய்யவும் தாங்கிகளைக் கழுவவும் அது எரிசோடாவை வாங்கித்தான் ஆகவேண்டும்.

மருந்து உற்பத்தியாளர் ஏன் நொதியங்களை நாடுகின்றனர்?

இடக்கையும் வலக்கையும் ஒரே உறுப்புகளைக் கொண்டிருந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாதது போல, பல சேதனச் சேர்வைகள் ஒன்றுக்கொன்று ஆடி விம்பமான இரு வடிவங்களில் இருக்கின்றன. உடல் அவ்விரண்டையும் வெவ்வேறாகவே உணரும். ஒன்று மருந்தாகவும் மற்றது பயனற்றதாகவோ தீங்காகவோ இருக்கலாம். சாதாரண இரசாயன முறைகள் பெரும்பாலும் இரண்டையும் சரிபாதியாகத் தரும். நொதியத்தில் மூலக்கூறு வந்து பொருந்தும் இடமான உயிர்ப்பு மையம் ஒரு கையுறையைப் போன்றது. ஒரு கையை மட்டுமே ஏற்கும்.

ஸ்டிரொயிட்டு வகை மருந்தான கோட்டிசோனின் வரலாறு இதற்கு நல்ல சான்று. மூட்டுவாதத்துக்கு அது பயன்படும் என்று 1949இல் தெரியவந்தபோது, விலங்குகளின் பித்த அமிலத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அதை ஆக்கவேண்டியிருந்தது. ஒரு கிராம் ஏறக்குறைய 200 டொலருக்கு விற்றது. ஸ்டிரொயிட்டு வளையத்தின் 11ஆம் காபனில் ஓர் ஒட்சிசன் அணுவைப் பொருத்துவதே அங்கே பெருந்தடையாக இருந்தது. 1952இல் அமெரிக்காவின் அப்ஜோன் நிறுவனத்தைச் சேர்ந்த பீற்றர்சனும் மறேயும், புரொஜெஸ்ரரோன் என்னும் வேறொரு ஸ்டிரொயிட்டை ரைசோப்பசுப் பங்கசின் வளர்ப்பில் இட்டால் அந்த ஒட்சிசன் ஒரே படியில் உரிய இடத்தில் ஏறிவிடுகிறது என்று காட்டினர். பாண்துண்டில் பூக்கும் கறுப்புப் பூஞ்சணமும் ரைசோப்பசு இனத்தைச் சேர்ந்ததே. சில ஆண்டுகளுக்குள் கோட்டிசோனின் விலை சில டொலர்களுக்கு இறங்கியது.

பெனிசிலின் வகை மருந்துகளிலும் இதுவே நடந்தது. அமொக்சிசிலின் போன்றவற்றை ஆக்க, முதலில் பெனிசிலினின் பக்கச் சங்கிலியை மட்டும் கழற்றி, எளிதில் உடையும் நான்குறுப்பு வளையத்தைக் காப்பாற்ற வேண்டும். இரசாயன முறையில் இதற்கு நச்சுத்தன்மையுள்ள கரைப்பான்களும் −40 பாகை செல்சியஸ் அளவிலான குளிரும் தேவைப்பட்டன. பெனிசிலின் அசைலேசு என்னும் பற்றீரியா நொதியம் நீரில், உடல் வெப்பநிலையை ஒட்டிய சூட்டில், அதைச் செய்துவிடுகிறது.

நீரிழிவுக்கு நம்மவர் பலர் உட்கொள்ளும் சிற்றாகிளிப்ரின் இன்னொரு வகையான உதாரணம். அதன் உற்பத்தியில் உயர் அழுக்க ஐதரசனையும் அரிய உலோகமான ரோடியத்தையும் நீக்குவதற்கு ஏற்ற நொதியம் இயற்கையில் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரு பற்றீரியா நொதியத்தில் 27 அமினோ அமிலங்களைப் படிப்படியாக மாற்றி, அதுவரை அது தொட்டும் பாராத மூலக்கூறை ஏற்கும்படி மேர்க், கொடெக்சிஸ் நிறுவனங்களின் ஆய்வாளர் செய்து 2010இல் வெளியிட்டனர். கழிவு 19 சதவீதம் குறைந்தது. இவ்வாறு எழுமாற்றாக மாற்றங்களை உண்டாக்கி, நல்லவற்றைத் தெரிந்து, மீண்டும் மாற்றும் முறையை வளர்த்தெடுத்த பிரான்சிஸ் ஆர்னோல்ட் 2018இல் இரசாயனவியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பெற்றார். விதைநெல்லை ஆண்டுதோறும் பொறுக்கி எடுக்கும் விவசாயிக்கு இதன் அடிப்படை அந்நியமாக இராது.

மருந்துகளுக்கு வெளியே இதற்கு இடம் உண்டா?

பெரிய தொன்கணக்குகள் அங்கேதான் உள்ளன. சோடாவிலும் இனிப்பிலும் சேரும் சித்திரிக்கமிலம் ஒருகாலத்தில் இத்தாலிய எலுமிச்சையிலிருந்து வந்தது. அஸ்பெர்ஜிலசு நைகர் என்னும் பங்கசு சீனியிலிருந்து அதைப் பெருமளவு சுரக்கும் என்று ஜேம்ஸ் கறி 1917இல் காட்டியபின் நிலைமை தலைகீழாயிற்று. இன்று உலகில் ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் அவ்வாறே உற்பத்தியாகிறது. குடிநீர்ச் சுத்திகரிப்பில் கலங்கலைத் திரட்டப் பயன்படும் பல்பகுதியத்தின் மூலப்பொருளான அக்கிரிலமைட்டை, 1985 முதல் யப்பானில் ரொடொகொக்கசுப் பற்றீரியாவின் நொதியத்தால் ஆக்குகின்றனர். பழைய முறையில் செப்பு ஊக்கியும் அதிக வெப்பமும் தேவைப்பட்டதோடு, செப்பைப் பின்னர் நீக்கவும் வேண்டியிருந்தது. நொதியம் தொடக்கப் பொருளான அக்கிரிலோநைத்திரைலோடு நீர் மூலக்கூறு ஒன்றை மட்டும் சேர்த்து அமைட்டோடு நின்றுவிடுகிறது; இன்னொரு படி போனால் அக்கிரிலிக்கமிலமாகிவிடும்.

முழுக் கலத்தைப் பயன்படுத்துவதா, நொதியத்தை மட்டும் பிரித்தெடுப்பதா?

தாக்கத்தைப் பொறுத்தது. நீரைச் சேர்த்துப் பிளக்கும் நொதியங்கள், அதாவது மாப்பொருளைப் பிளக்கும் அமைலேசு, புரதத்தைப் பிளக்கும் புரோத்தியேசு, எண்ணெயைப் பிளக்கும் இலிப்பேசு போன்றவை, தனித்து நின்றே வேலை செய்யும். அவற்றைப் பிரித்தெடுத்து வாங்குவதே மேல். ஒட்சியேற்றம், தாழ்த்தல் ஆகியவற்றைச் செய்யும் நொதியங்களுக்குத் துணைநொதியம் என்னும் சிறு துணை மூலக்கூறு வேண்டும். அது விலை உயர்ந்தது. தாக்கத்தில் செலவழிந்தபடி இருப்பதால் மீள ஆக்கிக்கொண்டே இருக்கவும் வேண்டும். உயிர்க்கலம் அதைத் தானே செய்துகொள்ளும் என்பதால் அங்கே முழுக் கலமே வசதியானது. ஆனால் முழுக் கலத்தினுள் வேறு நொதியங்களும் இருப்பதால், நாம் விரும்பும் பொருளை அவை மேலும் தின்றுவிடக்கூடும்.

நிலைப்படுத்திய நொதியம் என்பது என்ன?

நீரிற் கரைந்த நொதியத்தைத் தாக்கம் முடிந்தபின் மீட்பது கடினம். அதைச் சிறு மணிகளில் ஒட்டியோ அடைத்தோ வைத்தால் மணிகளை வடித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். யப்பானின் தனாபே நிறுவனம் 1969இல் அமினோ அமில உற்பத்திக்கு இதனை முதன்முதலில் தொழிற்சாலை அளவில் கையாண்டது. மதுவம் கலந்த சோடியம் அல்ஜினேற்றுக் கரைசலைக் கல்சியம் குளோரைட்டுக்குள் சொட்டுச்சொட்டாக விட்டு மணிகளாக்கும் பாடசாலைச் செய்முறையும் இதுவே.

நெல்லாலையில் மிஞ்சும் குறுணலிலிருந்து என்ன செய்யலாம்?

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக் குளங்களின் கீழ் விளையும் நெல்லை அரைக்கையில் எப்படியும் குறுணல் விழும். கோழித்தீவனத்துக்கும் மாவுக்கும் அது போகிறது. இரசாயனக் கண்ணோட்டத்தில் அது ஏறக்குறைய முக்கால் பங்கு மாப்பொருள். கணக்குப்படி 100 கிலோ மாப்பொருள் நீரை ஏற்றுப் பிளந்தால் 111 கிலோ குளுக்கோசு கிடைக்கும்.

வேலை இரு கட்டங்களில் நடக்கிறது. முதலில் மாவை நீரிற் கரைத்து, பசிலசு லைக்கெனிபோமிசு என்னும் பற்றீரியாவிலிருந்து பெறும் வெப்பந்தாங்கும் அமைலேசைச் சேர்த்து 90 முதல் 105 பாகை வரை சூடாக்குவர். கஞ்சி இறுகவேண்டிய வெப்பநிலையில் அது மாறாக நீர்த்துப்போவதைப் பார்ப்பவர்கள் வியப்படைவதுண்டு. பின்னர் 60 பாகைக்கு ஆறவைத்து, பி.எச். பெறுமானத்தை 4.5 அளவுக்கு இறக்கி, அஸ்பெர்ஜிலசு நைகரின் குளுக்கோவமைலேசைச் சேர்த்து ஒன்று முதல் மூன்று நாள் விடுவர். மாப்பொருளின் 95 சதவீதத்துக்கு மேல் குளுக்கோசாகும். இந்த இடத்தில் 'இன்னும் ஒரு நாள் விட்டால் இன்னும் கூடும்' என்று நினைப்பது தவறு. குளுக்கோசு செறிவடைந்தபின் அதே நொதியம் எதிர்த்திசையில் வேலை செய்து, குளுக்கோசு மூலக்கூறுகளை வேறு விதமாகக் கோத்து, இரு சீனி அலகுகள் கோத்த, பயனற்ற இருசக்கரைட்டுகளை ஆக்கத் தொடங்கும். உச்சத்தை அறிந்து சூடாக்கி நொதியத்தை அழிக்கவேண்டும்.

நமது நீரைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். வன்னியில் பல இடங்களில் கிணற்று நீரும் குழாய்க்கிணற்று நீரும் வன்மையானவை. அந்நீரிலுள்ள கல்சியம் முதற்கட்ட அமைலேசுக்கு நன்மையே செய்யும். அந்நொதியம் உறுதியாக நிற்பதற்குக் கல்சியம் வேண்டும். ஆனால் குளுக்கோசை மேலும் இனிப்பான பிரக்ரோசாக மாற்ற விரும்பி, மகனீசியத்தில் இயங்கும் குளுக்கோசு சமபகுதியாக்கி நொதியத்தைப் பயன்படுத்தினால், அதே கல்சியம் அதனை முடக்கும். ஆகவே இரு கட்டங்களுக்கும் இடையே கல்சியத்தை அகற்றவேண்டும். ஒரே கிணற்று நீர் ஒரு நொதியத்துக்கு மருந்தாகவும் மற்றதற்கு நஞ்சாகவும் இருப்பதை, இடத்தைப் பார்க்காமல் ஆலையைத் திட்டமிடுவோர் மறந்துவிடுகின்றனர்.

வைக்கோலும் உமியும் இலவசம் போலக் கிடைக்கின்றனவே, அவற்றைச் சீனியாக்க முடியாதா?

முடியும், ஆனால் எளிதன்று. வைக்கோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செலுலோசு உண்டு. அதுவும் குளுக்கோசின் சங்கிலியே. எனினும் இலிக்னின் என்னும் பிசின் அதைச் சுற்றிப் பூசியிருப்பதால், காரத்தாலோ நீராவியாலோ முதலில் அதைக் குலைத்தால் அன்றிச் செலுலேசு நொதியங்கள் உள்ளே புகா. உமியில் இலிக்னினோடு சிலிக்காவும் நிறைந்திருப்பதால் அது இன்னும் பிடிவாதமானது. உமியை எரித்து, நொதியத் தாங்கியைச் சூடாக்கும் நீராவிக்குப் பயன்படுத்துவதே விவேகம். வைக்கோல் இலவசம் என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. மாடு வளர்ப்போரைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

தவிடு?

தவிட்டில் நொதியம் நமக்கு எதிரி. நெல்லைத் தீட்டும்போது தவிட்டின் எண்ணெயும் அதிலேயே உள்ள இலிப்பேசும் ஒன்றுசேர, எண்ணெய் மணிக்கணக்கில் கொழுப்பமிலமாக உடையத் தொடங்கும். காலபோக அறுவடை நேரத்தில் ஆலையிலிருந்து கொண்டுவந்த ஒரு மூட்டைத் தவிட்டை நாம் இரண்டு கிழமை மறந்து வைத்துவிட்டோம். வாயைத் திறந்தபோது எழுந்த மணம் இலிப்பேசைப் பற்றிய எந்த விரிவுரையையும் விடத் தெளிவாக இருந்தது. அரைத்த உடனே சூடாக்கி அந்நொதியத்தை அழித்தால் எண்ணெயைக் காக்கலாம். புழுங்கல் நெல்லின் தவிடு ஓரளவு தப்புவதும் அது முன்பே அவிக்கப்பட்டதால்தான்.

பனம்பழத்தின் கைப்பை நீக்க நொதியம் உதவுமா?

உதவும். பனங்களியின் கைப்புக்குப் பிளபெலிபெரின் என்னும் ஸ்டிரொயிட்டுச் சப்போனின்கள் காரணம்; ஸ்டிரொயிட்டு உடலோடு சீனி அலகுகள் கோத்த மூலக்கூறுகள் அவை. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈ. ஆர். ஜான்சின் குழுவினர், தோடம்பழ வகைச் சாறுகளின் கைப்பை நீக்கப் பயன்படும் நரின்ஜினேசு என்னும் பங்கசு நொதியத்தால் பனங்களியின் கைப்பையும் நீக்கலாம் என ஆராய்ந்தனர். நொதியம் சீனி அலகைக் கழற்றிவிட, கைப்பு மறைகிறது. களியின் செம்மஞ்சள் நிறத்தைத் தரும் கரற்றினொயிட்டுகளுக்கு அதனால் தீங்கில்லை. பினாட்டும் பணியாரமும் தின்று பழகியவர்களுக்குச் சிறு கைப்பு இல்லாவிட்டால் சுவையே இல்லை என்பது வேறு விடயம். பனையை அறியாத சந்தைக்குக் களியை அனுப்புவதாயின் இம்முறைக்கு மதிப்புண்டு.

முல்லைத்தீவிலும் கொக்கிளாயிலும் கொட்டப்படும் இறால், நண்டுக் கோதுகள் பயன்படுமா?

கோதில் கல்சியம் காபனேற்று, புரதம், கைற்றின் ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. விலை உள்ளது, கோதுக்கு உறுதி தரும் நீண்ட சங்கிலிச் சேர்வையான கைற்றின். வழக்கமான முறையில் அமிலத்தால் சுண்ணாம்பையும் காரத்தால் புரதத்தையும் கரைத்துவிடுவர். அக்கழிவு நீரை நந்திக்கடலுக்குள் விடுவதை எவரும் ஒப்பமாட்டார்கள். காரத்துக்குப் பதில் பசிலசுப் பற்றீரியாவின் புரோத்தியேசைப் பயன்படுத்தலாம். சீனி சேர்த்து இலக்ரிக்கமிலப் பற்றீரியாவால் நொதிக்க வைத்தால் அமிலமும் புரதப் பகுப்பும் ஒரே பாத்திரத்தில் நடக்கும், பிரியும் புரத நீர் தீவனத்துக்குத் தகும். ஆனால் கைற்றினைக் கைற்றோசானாக மாற்றும் அடுத்த படிக்கு இன்றும் செறிந்த சூடான எரிசோடாவே தொழில்முறையாக உள்ளது. பளிங்குத் தன்மையுள்ள கைற்றினுக்குள் நொதியத்தால் எளிதாக நுழைய முடிவதில்லை. கைற்றோசான் முழுவதும் நொதியத்தால் செய்யப்படும் என்று யாராவது வாக்களித்தால், இந்தப் படியை எவ்வாறு செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

இலுப்பெண்ணெயிலிருந்து உயிர்டீசல் செய்யலாமா?

இலுப்பை, வேம்பு எண்ணெய்கள் பழையதாகும்போது அவற்றில் சுயாதீனக் கொழுப்பமிலம் ஏறிவிடும். எரிசோடாவை ஊக்கியாக இட்டால் அவை சவர்க்காரமாகித் திரண்டு வேலையைக் கெடுக்கும். இலிப்பேசு நொதியம் எண்ணெயையும் கொழுப்பமிலத்தையும் மெதனோலோடு சேர்த்தே எசுத்தராக்கும்; அந்த எசுத்தரே உயிர்டீசல். அதன் குறை, மெதனோலை ஒரே முறையில் ஊற்றினால் செயலிழந்துவிடுவது. சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். எனினும் எரிபொருள் மலிவான பொருள். நொதியமோ விலை கூடியது. கோயில் விளக்குக்கும் மருந்துக்கும் விலைபோகும் இலுப்பெண்ணெயை இயந்திரத்தில் எரிப்பதில் நாம் இலாபம் காணவில்லை.

வேண்டிய நுண்ணங்கியை நமது மண்ணிலிருந்தே பிரித்தெடுக்க முடியுமா?

முடியும், ஆய்வுகூடம் உள்ள பாடசாலையிலும் அதன் முதற்படியைச் செய்யலாம். அவித்த நெல்லின் கழிவு நீர் நாள்தோறும் ஊறும் மண்ணைச் சிறிது எடுத்து, நீரில் ஐதாக்கி, மாப்பொருள் கலந்த ஏகார் (கடற்பாசிக் கூழ்) தட்டில் பரப்பி வளர்த்தபின் அயடீன் கரைசலை ஊற்றினால் தட்டு கருநீலமாகும். அமைலேசைச் சுரக்கும் கூட்டங்களைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் தெரியும். மாப்பொருள் கழுவப்படும் இடத்தில் மாப்பொருளைத் தின்னும் உயிர் இருக்கும் என்ற எளிய தர்க்கம் இது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அவ்வாறு கிடைத்த பங்கசை உணவுப் பொருளுக்குப் பயன்படுத்தக்கூடாது. யப்பானியர் நூற்றாண்டுகளாக உணவில் சேர்க்கும் அஸ்பெர்ஜிலசு ஒறைசேயும், ஈரலைத் தாக்கும் அபிளாதொட்சினைச் சுரக்கும் அஸ்பெர்ஜிலசு பிளாவசும் நெருங்கிய உறவினங்கள். தட்டில் பார்த்து இரண்டையும் வேறுபடுத்துவது சாதாரணக் கண்ணுக்கு இயலாத காரியம். வளர்த்த தட்டுகளை அழுத்த அடுகலனில் அவித்த பின்னரே வீசவேண்டும்.

செலவு பெரும்பாலும் எங்கே ஏற்படுகிறது?

நொதியத்தின் விலையையே அனைவரும் கேட்கின்றனர். பணம் கரைவது நீரில். நொதியத் தாக்கம் நீரில் நடப்பதால் பொருள் ஐதான கரைசலாகவே கிடைக்கும். அதைச் செறிவாக்கி, வடித்து, பளிங்காக்குவதே பல உற்பத்திகளில் செலவின் பெரும்பங்கு. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2260 கிலோயூல் வெப்பம் வேண்டும். நன்றாக உலர்ந்த ஒரு கிலோ விறகின் வெப்பம் முழுவதும் நீருக்கே போனாலும் ஆறேழு லீற்றர் மட்டுமே ஆவியாகும். திறந்த அடுப்பில் அதில் சிறுபங்கே கிடைக்கும். பனங்கட்டி காய்ச்சுவோருக்கு இக்கணக்கு கைப்பாடம். ஆதலால் தொடக்கத்திலேயே கரைசலைச் செறிவாக வைத்து வேலை செய்யக்கூடிய நொதியத்தைத் தெரிவதும், ஆவியாக்காமல் வீழ்படிவாக்கிப் பிரிக்கக்கூடிய பொருளைத் தெரிவதும் இலாபத்தை நிர்ணயிக்கும்.

காலநிலையும் கணக்கில் வரும். 30 பாகையில் வளரவேண்டிய பங்கசு வளரும்போது தானே வெப்பத்தை வெளியிடும். கோடையில் நமது தாங்கி நீரே அதை ஒட்டிய சூட்டில் இருக்கையில் எதைக் கொண்டு குளிர்விப்பது? குளிரூட்டியை இரவும் பகலும் ஓட்டவேண்டும், மின்தடை வந்தால் தொகுதி முழுவதும் நாசம். மாறாக 60 பாகையில் இயங்கும் பிரித்தெடுத்த நொதியத்துக்குக் குளிர்விப்புத் தேவையில்லை. சூரிய வெப்ப நீர் கைகொடுக்கும். அச்சூட்டில் வேண்டாத நுண்ணங்கிகளும் எளிதில் வளரா. வெயில் நிறைந்த இடத்துக்கு வெப்பம் விரும்பும் நொதியமே தகும் என்பது எமது துணிபு.

நொதியங்களைக் கையாள்வது ஆபத்தானதா?

கரைசலாக இருக்கும்போது பெரும் ஆபத்தில்லை, தூளே பயப்படவேண்டியது. சலவைத் தூளில் புரோத்தியேசு சேர்க்கத் தொடங்கிய 1960களின் பிற்பகுதியில், அத்தொழிற்சாலைகளில் தூளைச் சுவாசித்த தொழிலாளருக்கு ஆஸ்துமா ஏற்பட்டது. அதன்பின்னரே நொதியத்தை மெழுகு போன்ற உறையிட்ட மணிகளாக்கும் வழக்கம் வந்தது. தூள் நொதியத்தை மூக்கு மூடியின்றி, மின்விசிறிக்கு முன்னால் நின்று நிறுக்கக்கூடாது. நெல்லாலைத் தூசுக்குப் பழகிவிட்டோம் என்று இதையும் அலட்சியம் செய்வோரை நாம் கண்டிருக்கிறோம்.

இத்துறையை இங்கேயே படிக்க இயலுமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பனை சார்ந்த ஆய்வுக்குக் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயனத் துறையில் பேராசிரியர் க. பாலசுப்பிரமணியம், பேராசிரியை வசந்தி அரசரட்ணம் ஆகியோர் மாப்பொருளைப் பகுக்கும் நொதியங்கள் பற்றி நெடுங்காலம் ஆய்வு செய்துள்ளனர். பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் நிலவிய ஆண்டுகளையும் அவர்களது பணி கடந்து வந்தது என்பதை மாணவர் அறிந்திருப்பது நல்லது.

முதலில் எந்தப் பொருளில் இறங்கலாம்?

எம்மைக் கேட்டால், குறுணலிலிருந்து குளுக்கோசுப் பாகு என்போம். மூலப்பொருள் கையில் உள்ளது. நொதியங்கள் கடையிற் கிடைப்பவை. பொருளைப் பாகாகவே விற்கலாம் என்பதால் பளிங்காக்கும் செலவு இல்லை. வடித்தபின் மிஞ்சும் புரதக் கசடு கோழிக்குப் போகும். மருந்து மூலப்பொருள் ஒரு கிலோவின் விலை ஆயிரம் மடங்காக இருக்கலாம், ஆனால் அதன் தூய்மைச் சான்றுக்குத் தேவையான கருவிகளும் அனுமதிகளும் சிறு ஆலையின் சக்திக்கு அப்பாற்பட்டவை. பாகு நன்றாக ஓடினால் அதே குளுக்கோசை இலக்ரிக்கமிலமாக நொதிக்க வைத்துக் கல்சியம் இலக்ரேற்றாக வீழ்படிவாக்கும் அடுத்த படியை யோசிக்கலாம்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் இதை நேரில் காட்ட எளிய செய்முறை உண்டா?

பெனடிக்ற் கரைசல் என்னும் நீலச் சோதனைக் கரைசலைச் சுக்குரோசு தாழ்த்தாது, குளுக்கோசு தாழ்த்திச் சிவப்பாக்கும் என்பதை அடிப்படையாகக் கொள்ளலாம். உலர் மதுவம் ஒரு தேக்கரண்டியை இளஞ்சூட்டு நீரில் கலக்கி, நான்கு சோதனைக் குழாய்களை ஒழுங்கு செய்யுங்கள். முதலாவதில் சீனிக் கரைசலும் மதுவமும். இரண்டாவதில் சீனிக் கரைசலும் நன்கு கொதிக்கவைத்து ஆறிய மதுவமும். மூன்றாவதில் மதுவமும் வெறும் நீரும். நான்காவதில் சீனிக் கரைசலோடு தெளிந்த சுண்ணாம்பு நீரைக் கலந்து, பின்னர் மதுவம். பதினைந்து நிமிடங்களின்பின் ஒவ்வொன்றிலும் பெனடிக்ற் கரைசலைச் சேர்த்து நீர்த்தொட்டியில் சூடாக்குங்கள். அதிக நேரம் காத்திருந்தால் பிறந்த குளுக்கோசை மதுவமே தின்றுவிடும். முதற்குழாயில் செங்கற் சிவப்பு வீழ்படிவு தோன்றும். இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் நீலமாகவே நிற்கும். நான்காவதில் சுண்ணாம்பினால் வெண்கலங்கல் வரலாம். அதைச் சிவப்பு வீழ்படிவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அக்குழாய்தான் சுண்ணாம்பு பூசிய முட்டி.